கோழிக்குப் பேன், செள்ளு, உண்ணி: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் பூச்சி என்று வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன மருந்து அடிக்கலாம்?" அதற்கு முன்னால் ஒன்று தெரியணும். பூச்சி குடியிருப்பது கோழி மேலா, கூண்டிலா? கோழியின் மேலேயே பிறந்து அங்கேயே சாகிற பூச்சிக்குக் கூண்டைக் கழுவி மட்டும் பயனில்லை. பலகை இடுக்கில் பகலெல்லாம் பதுங்கியிருந்து ராத்திரி மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்குகிற பூச்சிக்கு, கோழியை எத்தனை தடவை மருந்தில் முக்கி எடுத்தாலும் கோழிதான் வாடும், பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. இடம் தெரியாமல் மருந்தை அடித்து, போதவில்லை என்று இரண்டு மடங்காக்கி, நல்ல கோழிகளை இழந்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஐந்தாறு கோழியிலிருந்து இருபது முப்பது கோழி வரை வைத்திருக்கும் வீடுகளுக்கு இது. பெரிய பண்ணைக்குக் கணக்கு வேறு.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

பகல் சோதனை: கோழியை மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, மலவாயைச் சுற்றியுள்ள இறகை விரலால் சட்டென்று விலக்குங்கள். மெதுவாக விலக்கினால் பேன் ஓடி ஒளிந்துவிடும். அப்புறம் இறக்கைக்கு அடியில், தொடையில், கழுத்துக்குப் பின்னால், கடைசியாக முகமும் காலும். வெயிலில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இரவு சோதனை: கோழி அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கம், கம்பு சுவரில் சொருகும் இடம், கூண்டின் மூலை, பஞ்சாரத்தின் பின்னல் எல்லாவற்றையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கம்புக்கு அடியில் கட்டி வைத்து, விடிவதற்குள் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு இழுத்தால் அது கோழி ரத்தம், அதாவது ரத்தம் குடிக்கும் செள்ளு கூண்டில் இருக்கிறது.

பகல் சோதனையோடு நிறுத்திக்கொண்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ராத்திரி ஒரு தடவை போய்ப் பாருங்கள், வேலை பாதி முடிந்துவிடும்.

அறிகுறி 1: கோழி ஓயாமல் கொத்திக் கோதுகிறது, இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் பூச்சி ஓடுகிறது

இது பேன். ஒரு மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும், தட்டையாக, வேகமாக ஓடும். மலவாயைச் சுற்றி இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கற்கண்டு ஒட்டினது மாதிரி கட்டி தெரிந்தால் அதுதான் ஈர். பேன் கோழி மேலேயே வாழ்கிற பூச்சி, கோழியை விட்டு இறங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதலில் செலவில்லாதது: மண்குளியல். சேவலோ பெட்டையோ தினமும் புரண்டு குளிக்க, மழை நனையாத இடத்தில் காய்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்குக் குழியோ பழைய டயரோ வைத்துக்கொடுங்கள். பேன் குறைவாக இருக்கும் கோழி இதிலேயே தேறிவிடும். மழைக்காலத்தில் பேன் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம், தோட்டத்து மண் சேறாகிக் கோழிக்குப் புரள இடம் இல்லாமல் போவதுதான்.

அடுத்தது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், கலக்காது. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து பதினொரு மணிவாக்கில், மலவாய், இறக்கையடி, தொடை ஆகிய இடங்களில் இறகை விலக்கித் தோலில் படும்படி தெளியுங்கள், தலைப்பக்கம் வேண்டாம். ஈர்க்கட்டி ஒட்டிய இறகுகளைக் கத்தரித்து எரித்துவிடலாம். கூண்டுக்கூளத்தையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இதை 7 முதல் 10 நாளுக்குள் மறுபடி செய்யணும், இதுதான் பலர் விட்டுவிடுகிற இடம். எந்த மருந்தும் ஈரை முழுக்கக் கொல்லாது. ஈர் பொரிக்க நாலு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும், முதல் தடவை தப்பிய ஈரெல்லாம் பொரிந்து வந்து முட்டை வைப்பதற்கு முன்னால் இரண்டாவது தடவை அடித்தாக வேண்டும். ஒரே ஒரு கோழிக்கு மட்டும் பார்ப்பதும் வீண். ஒரே கம்பில் உட்காரும் எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் பாருங்கள்.

குஞ்சுக்குத் தலையில் பேன் இருந்தால் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சோர்ந்து நிற்கும். உச்சந்தலையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். உடம்பு முழுக்க எண்ணெய் தடவிவிடாதீர்கள், குளிரில் விறைத்துவிடும். குஞ்சுக்கு மருந்து வைத்தால் தாய்க்கும் பாருங்கள், பேன் வந்தது தாயிடமிருந்துதான்.

இரண்டு சுற்று முடிந்தும் பேன் குறையவில்லை என்றால் அந்தக் கோழிக்கு உள்ளே வேறு நோய் இருக்கலாம், நோஞ்சான் கோழி தன்னைக் கோதிக்கொள்ளாததால்தான் பேன் பெருகும். அலகு வெட்டிய கோழிக்கும் இதே சிக்கல்தான், அதனால் பேனைக் கோதி எடுக்க முடியாது. அங்கே டாக்டரைப் பாருங்கள்.

அறிகுறி 2: பொழுது சாய்ந்தும் கூண்டுக்குள் போக மறுக்கிறது, கொண்டை வெளுத்துவிட்டது, முட்டை குறைந்துவிட்டது

பகலில் கோழி மேல் ஒன்றும் தெரியாது. தினமும் தானாக அடைகிற கோழி திடீரென்று மரத்தில் ஏறி உட்கார்ந்தால் காரணம் கூண்டுச் செள்ளு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கம்பின் முனையில் சாம்பல் தூவியது மாதிரி தெரியும், விரலால் தேய்த்தால் சில புள்ளிகள் நகரும். குடிக்காத செள்ளு சாம்பல் நிறம், குடித்தது சிவப்பு. முட்டை எடுக்கப் போன கையில் ஏதோ ஊர்வது போலிருந்தாலும், கூண்டுக்குள் நுழைந்து வந்தவர்களுக்கு இடுப்பிலும் முழங்கையிலும் அரிப்பு எடுத்தாலும் இதுதான்.

இங்கே கோழியை விட்டுவிட்டுக் கூண்டைப் பிடியுங்கள்.

கோழிகளை இரண்டு மூன்று நாள் வேறு இடத்தில் அடையவிடுங்கள். கூளம் முழுவதையும் வாரி எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய் எரியுங்கள், எருக்குழியில் போட்டால் திரும்பி வரும். கம்பு, முட்டைப்பெட்டி, பலகை எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, நல்ல கொதிநீரை இடுக்கு இடுக்காக ஊற்றி, மூன்று நான்கு நாள் உச்சி வெயிலில் போடுங்கள். செங்கல், கல், மண் சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்து விரிசல்களை அடைத்துவிடுங்கள். தகரமும் கான்கிரீட்டும் ஆக இருந்தால் தீயால் வாட்டுகிறவர்கள் உண்டு. ஓலைக்கூரையும் மரமும் இருக்கும் இடத்தில் நெருப்பை நினைக்கவே வேண்டாம்.

பிளந்த மூங்கில்தான் செள்ளுக்குச் சரியான வீடு. உள்ளே பொந்து, மேலே விரிசல், எந்த மருந்தும் நுழையாது. உட்காரும் கம்பு மூங்கிலாக இருந்தால் எடுத்துவிட்டுப் பட்டை சீவிய வழவழப்பான மரக்கம்பு வையுங்கள். கம்பின் இரண்டு முனையும் சுவரைத் தொடாமல் தனிக்காலில் நிற்கும்படி செய்து, அந்தக் காலைப் பழைய எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிறுத்தினால் ராத்திரி ஏறுகிற வழியே அடைபட்டுவிடும். பஞ்சாரத்தைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்துப் பின்னலுக்குள் வேப்பெண்ணெய் தேயுங்கள்.

இந்த வேலையை 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்யணும். செள்ளு முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் பத்து நாள் போதும். "கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் செத்துவிடும்" என்பார்கள், அதை நம்பாதீர்கள். ரத்தம் குடிக்காமலே ஆறேழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும் பூச்சி இது.

இதிலும் அடங்கவில்லை என்றால்தான் டெல்டாமெத்ரின் வகை மருந்து, கால்நடை மருந்துக் கடையில் பியூட்டாக்ஸ் என்றால் தெரியும். அது மாட்டுக்கு உண்ணி போக்க வந்த மருந்து, கோழிக்கூண்டுக்கு எவ்வளவு கலப்பது என்பதைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலிக் கூண்டில் அடித்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகு கோழியை விடுங்கள். தீவனத்தொட்டி, தண்ணீர்க் கிண்ணம், முட்டை எல்லாம் முன்கூட்டியே வெளியே வந்திருக்க வேண்டும். மீனுக்கும் பூனைக்கும் தேனீக்கும் இந்த மருந்து கடும் விஷம். மிச்சத்தைக் கிணற்றுப்பக்கமோ குளத்திலோ ஊற்றாதீர்கள்.

கூரையில் சிட்டுக்குருவி, மைனா, புறா கூடு இருந்தால் அங்கிருந்தும் செள்ளு இறங்கும். குஞ்சு பறந்துபோன பிறகு அந்தப் பழைய கூட்டை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி 3: அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து எழுந்து போகிறது, அல்லது அடையிலேயே செத்துக் கிடக்கிறது

அடைக்கோழிதான் முதலில் சாகும், இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருக்கும், இரைக்கு இறங்குவது கொஞ்ச நேரம், மண்குளியலும் குறைந்துவிடும். பூச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஐந்தாறு நாளுக்கு ஒரு முறையாவது கோழி இரை எடுக்க இறங்கும் நேரத்தில் கூடையைப் பாருங்கள். முட்டை மேல் பொடிப்பொடியாகக் கறுப்பும் சிவப்புமாக ஊர்ந்தால் அன்றைக்கே கூடையை மாற்றுங்கள்.

புதுக்கூடையில் புது வைக்கோல், அடியில் சலித்த சாம்பல், காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும். பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். முட்டைகளைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துப் பொழுது சாய்ந்ததும் மாற்றினால் கோழி பெரும்பாலும் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். முட்டை மேல் எண்ணெய் படக்கூடாது, ஓட்டிலுள்ள நுண்துளை அடைபட்டு உள்ளே குஞ்சு செத்துவிடும். அடைக்கோழி வயிற்றில் வேப்பெண்ணெய் தடவக்கூடாது என்று சொல்வதும் இதற்குத்தான். மருந்துத் தண்ணீரும் தெளிக்காதீர்கள்.

வாயைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெள்ளையாக இருக்கிறதா? அடையைக் கலைத்துவிடுங்கள். முட்டைகளை வேறு அடைக்கோழிக்கு மாற்றிவிட்டு இந்தக் கோழியைத் தனியாக விட்டு நல்ல இரை கொடுங்கள். குஞ்சைவிடத் தாய் முக்கியம்.

அறிகுறி 4: கண், கொண்டை, தாடியைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி கூட்டமாக ஒட்டியிருக்கிறது

தெள்ளா (செள்ளு வேறு, தெள்ளு தோலில் ஒட்டிக்கொள்ளும் பூச்சி) அம்மையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெள்ளு என்றால் ஒரே அளவில், பளபளப்பான பழுப்புக் கறுப்பில், தோலில் தலையைப் புதைத்து நிற்கும், நகத்தால் தொட்டால் லேசாக அசையும். அம்மை என்றால் சிறிதும் பெரிதுமாக மரு போலத் தடித்து, மேலே பொருக்கு இருக்கும், பெயர்த்தால் ரத்தம் வரும். அம்மைக்குப் பூச்சி மருந்து அடித்துப் பயனே இல்லை. கொசுக்கடியால் பரவுகிற கிருமி அது. அம்மைக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

தெள்ளுதான் என்றால், வெறும் வாசலைனைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் எடுத்துத் தெள்ளுக்கூட்டத்தின் மேல் கெட்டியாகப் பூசுங்கள். மூச்சடைத்துச் சாகும். மறுநாள் துடைத்தால் சிலது கையோடு வந்துவிடும், வராததைப் பிடுங்காதீர்கள், புண்ணாகிச் சீழ் வைக்கும். கண் இமையில் ஒட்டியிருப்பதற்கும் இதே வாசலைன்தான். வேறு எந்த மருந்தையும் கண்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் தெள்ளின் முட்டை தரையில் விழுகிறது, புழு கூளத்திலும் புழுதியிலும் வளர்கிறது. அதனால் கூண்டுக்கு அடியிலுள்ள உலர்ந்த புழுதியைச் சுரண்டி வாரி எரிப்பதை வாரம் ஒரு முறை, ஒரு மாதத்துக்கு மேலேயே செய்ய வேண்டியிருக்கும். நாய் கூண்டுக்கு அடியில் படுக்கிற வீட்டில் நாயின் காதையும் பாருங்கள், அங்கேயும் இதே தெள்ளு இருக்கும். நாய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காத வரை கோழிக்குத் தீராது.

குஞ்சுக்கு முகம் முழுக்க அப்பியிருந்தாலோ, கண் மூடி இரை எடுக்காமல் நின்றாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 5: காலில் செதில் தூக்கிக்கொண்டு, சொரசொரப்பாகத் தடித்துவிட்டது

கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி செதிலுக்கு அடியில் வளை தோண்டுவதால் வருவது. வயதான கோழியிடம் அதிகம், மெதுவாகத்தான் மற்றதுக்குப் பரவும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, விரலிலிருந்து முட்டி வரை வாசலைனோ தேங்காய் எண்ணெயோ செதிலுக்குள் இறங்கும்படி பூசுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்று நான்கு வாரம். தூக்கி நிற்கும் செதிலைப் பிய்க்காதீர்கள். கால் பழையபடி வழவழப்பாக மாறப் பல மாதம் ஆகும், புதிதாகத் தடிக்கவில்லை என்றாலே குணமாகிறது என்று அர்த்தம்.

மண்ணெண்ணெய், டீசல், வண்டியில் வடித்த கறுப்பு ஆயில் இதெல்லாம் ஊரில் பழக்கம். உண்ணி சாகும், கூடவே தோலும் வெந்துவிடும், கோழி அதைக் கொத்தினால் வயிற்றுக்கும் போகும். வேண்டவே வேண்டாம்.

நொண்டினாலோ, விரல் கோணி வீங்கினாலோ டாக்டர் ஊசியோ சொட்டு மருந்தோ தர வேண்டியிருக்கும்.

அறிகுறி 6: இறக்கைக்கு அடியில் நீலக்கறுப்பில் மணிமணியாக ஒட்டியிருக்கிறது, கோழி சோர்ந்து, பச்சையாகக் கழிகிறது, கால் இழுக்கிறது

இதை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒட்டியிருப்பது கோழி உண்ணியின் குட்டி. பெரிய உண்ணி தட்டையாகத் தோல்பை மாதிரி சுவர் விரிசலிலும் மரப்பட்டைக்கு அடியிலும் இருக்கும், ராத்திரி வந்து குடித்துவிட்டுப் போய்விடும். ரத்தம் போவது ஒரு பக்கம், அது கடிக்கும்போது ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலையும் ஏற்றிவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் வகை ஊசிக்குக் கேட்கும், தாமதித்தால் வரிசையாகச் சாகும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயிலும் பச்சைக்கழிச்சலும் கால் இழுப்பும் வரும் என்பதால் எது என்று டாக்டர்தான் சொல்லணும்.

டாக்டர் வரும்வரை கோழிகளை அந்தக் கூண்டில் அடைக்காதீர்கள். இந்த உண்ணி குடிக்காமலே ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் சுவரைப் பூசி விரிசலை அடைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. விரிசல் விட்ட பழைய மண்கூண்டாக இருந்தால் இடித்துப் புதிதாகக் கட்டுவதே மிச்சம்.

அறிகுறி 7: இறகு கொட்டுகிறது, இரண்டு சோதனையிலும் பூச்சி இல்லை

மருந்து வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை இறகு மாற்றும் பருவமாக இருக்கலாம், கழுத்தில் தொடங்கிப் புது முளை தெரியும். முதுகு மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதிப்பது, பெட்டைக்குச் சேவல் கணக்கு அதிகம். வால்பக்கம் ரத்தக்காயம் என்றால் ஒன்றையொன்று கொத்துகிறது, இடமும் தீவனமும் பாருங்கள்.

எந்த நிலையிலும் கோழி மேல் போடக்கூடாதவை

வயலுக்கு அடிக்கிற மருந்து எதுவும் கூடாது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் மூடியில் ஒரு சொட்டு என்றாலும் கூடாது. பழைய காமாக்சின் பொடி எங்காவது கிடந்தால் தொடாதீர்கள், அது 1997-லேயே தடை செய்யப்பட்டது. புகையிலைத் தண்ணீர் இயற்கை என்று நினைக்கிறார்கள், அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே ஏறும். சீத்தாப்பழ விதைப்பொடி பேனைக் கொல்லும், ஆனால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுத்துவிடும், கோழிக்கும் உங்களுக்கும்.

நாய்க்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைக் கோழிக்கு விடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செள்ளுக்கு அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்து, பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டியதாயிற்று. இந்த மருந்து விட்ட கோழியின் முட்டையை நம் வீட்டில் குழந்தைகள்தான் சாப்பிடுகிறார்கள். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தும் அப்படித்தான், டாக்டர் எடை பார்த்து எழுதினால் மட்டும், எத்தனை நாள் முட்டையும் கறியும் எடுக்கக்கூடாது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு.

மருந்து அடித்த பிறகு கோழி வாயில் எச்சில் ஒழுக்கினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு உதறினாலோ அது விஷம் ஏறியது. உடனே சோப்புத் தண்ணீரில் கழுவித் துவட்டி, நிழலில் வைத்து, மருந்து டப்பாவையும் கோழியையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

பூச்சியை ஒட்டுநாடாவில் ஒட்டியோ சின்ன டப்பாவில் போட்டோ கொண்டுபோங்கள், கூண்டின் போட்டோவும் இருக்கட்டும். இதுவரை என்னென்ன அடித்தீர்கள், எத்தனை நாள் முன்பு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஒரு மருந்து மேல் இன்னொன்று சேர்ந்தால் கோழிக்குத்தான் ஆபத்து. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழி செத்தால் செத்ததையெல்லாம் புதைத்துவிடாமல் ஒரு கோழியைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் போதும். தூக்கிக்கொண்டு போக முடியாத நிலை என்றால் தமிழ்நாட்டில் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்து கேட்கலாம். சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கினால், மேலே சொன்ன பகல் சோதனையைச் செய்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள்.